தனிமை எந்த நாட்டில் அதிகம்? படிப்பகத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் படிப்பகத்தில், சனிக்கிழமை மாலைகளில் நாளிதழ்ச் செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுவது வழக்கம். 2025 ஜூன் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் தனிமை பற்றிய அறிக்கையை வெளியிட்டபோது அதை எடுத்தோம். ஒரே வாரத்தில் முடியும் என்று நினைத்த பேச்சு மாதக்கணக்கில் நீண்டது. காசிமேட்டிலிருந்து வரும் பெரியவர்கள், தண்டையார்பேட்டை போர்டு வீடுகளிலிருந்து வரும் அம்மாக்கள், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த பிள்ளைகள் எனப் பலரும் ஏறக்குறைய ஒரே ஐயங்களைக் கேட்டார்கள். கேள்விகளை அவரவர் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். கணக்குப் புத்தகங்களோடு முப்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற எழுத்தர். ஆகவே விடைகளில் எண்கள் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

1. தனிமைன்னா தனியா இருக்கறதுதானே? இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?

இந்தப் பேச்சில் எழும் குழப்பங்களில் பாதி இந்த ஒரு சொல்லால் வருபவை. தமிழில் 'தனிமை' என்பது பக்கத்தில் ஆள் இல்லாத நிலையையும் குறிக்கிறது, ஆள் இல்லையே என்ற ஏக்கத்தையும் குறிக்கிறது. சுவீடன் மொழியிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இந்தத் தொகுப்பில் முதலாவதைத் 'தனித்திருத்தல்' என்றும், இரண்டாவதைத் 'தனிமையுணர்வு' என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

ஒருவர் தமக்கு வேண்டும் என்று எதிர்பார்க்கும் உறவுக்கும், உண்மையில் வாய்த்திருக்கும் உறவுக்கும் இடையே விழும் பள்ளமே தனிமையுணர்வு என்று அமெரிக்க உளவியலாளர்கள் ஆன் பெப்லாவும் டேனியல் பெர்ல்மனும் 1980-களில் விளக்கினார்கள். 'எதிர்பார்க்கும்' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் விடைகள் பலவும் அதைச் சுற்றியே வரும்.

அதற்கு முன்பே, 1973-இல், ராபர்ட் வைஸ் என்பவர் இதை இரண்டாகப் பிரித்திருந்தார்: மனத்துக்கு நெருங்கிய ஒருவர் இல்லாத குறை ஒன்று, பழகுவதற்கு ஒரு வட்டம் இல்லாத குறை மற்றொன்று. கணவரை இழந்த அம்மாவைச் சுற்றித் தெருவே இருக்கலாம்; முதல் குறை தீராது. திருமணமாகி வெளியூரிலிருந்து எண்ணூருக்கு வந்த பெண்ணுக்குக் கணவர் அன்பானவராகவே இருக்கலாம். இரண்டாவது குறை தீராது.

2. மனசுக்குள்ள இருக்கறத எந்தத் தராசுல நிறுத்தறாங்க?

கேள்வித்தாள்தான் தராசு. லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1978-இல் உருவான இருபது கேள்விகள் கொண்ட அளவுகோலும், நெதர்லாந்தில் 1985-இல் டி யாங் கீர்வெல்ட் உருவாக்கிய பதினொரு கேள்விகள் கொண்ட அளவுகோலும் பரவலாகப் பயன்படுகின்றன. முதலாவதை 2004-இல் மூன்றே கேள்விகளாகச் சுருக்கினார்கள்: துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடித் தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதாக எவ்வளவு அடிக்கடித் தோன்றுகிறது, மற்றவர்களிடமிருந்து விலகி நிற்பதாக எவ்வளவு அடிக்கடித் தோன்றுகிறது. இவற்றில் 'தனிமை' என்ற சொல்லே வராதபடி பார்த்துக்கொண்டிருப்பது தற்செயலானது அன்று. நேரடியாகக் கேட்டால் பலர் கூச்சத்தில் மறுத்துவிடுவார்கள்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை, வந்திருந்த பதினேழு பேரிடம் "உங்களுக்குத் தனிமையாக இருக்கிறதா?" என்று கேட்டேன். ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. "எனக்கென்ன சார், மூணு புள்ளைங்க, ஏழு பேரப்புள்ளைங்க" என்றார் ஓர் அம்மா. சற்று நேரம் கழித்து, "போன வாரம் யாரிடமாவது மனம் விட்டுப் பேசினீர்களா?" என்று கேட்டேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அம்மா தம் பையின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

3. சுத்தி வளைக்காம சொல்லுங்க சார், உலகத்துலயே எந்த நாட்டுலதான் அதிகம்?

ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்திச் சொன்னால் அது நேர்மையான விடையாக இராது. 2025 அறிக்கையின்படி உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வோடு வாழ்கிறார். பேஸ்புக்கை நடத்தும் மெட்டாவும் கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப்பும் 142 நாடுகளில் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வோ, ஏறக்குறைய நான்கில் ஒருவர் என்கிறது. ஆண்டு ஒன்றும் வெகுவாக மாறிவிடவில்லை. கேட்ட கேள்வியும், 'ஆம்' என்று எதைக் கணக்கில் எடுத்தார்கள் என்பதும் மாறின. 'எப்போதாவது' என்பவரையும் சேர்த்தால் எண் ஏறும், 'எந்நேரமும்' என்பவரை மட்டும் எடுத்தால் இறங்கும்.

ஒரே ஆய்வுக்குள் ஒப்பிட்டால் மட்டுமே ஓரளவு நம்பலாம். அப்படிப் பார்க்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையில் கவனிக்க வேண்டிய செய்தி இது: வருமானம் குறைந்த நாடுகளில் சுமார் 24 விழுக்காட்டினரும், வருமானம் மிகுந்த நாடுகளில் சுமார் 11 விழுக்காட்டினரும் தனிமையுணர்வைத் தெரிவித்திருக்கிறார்கள். படிப்பகத்தில் இதை வாசித்தபோது அச்சுப்பிழை என்றே பலரும் நினைத்தார்கள்.

4. அதெப்படி? வெள்ளைக்காரங்க ஊர்லதானே பதினெட்டு வயசானா புள்ளைய வெளிய அனுப்பிடறாங்க, பெத்தவங்க ஒண்டியா கிடக்கறாங்க?

தனித்திருத்தல் அங்கே அதிகம் என்பது உண்மை. சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் ஒருவரே வசிக்கிறார். ஆனால் 113 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2022-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, தனிமையுணர்வு மிகக் குறைவாக இருப்பது வட ஐரோப்பாவில்தான் என்று காட்டியது. அங்கே இளம் வயதினரில் 2.9 விழுக்காடு, நடுவயதினரில் 2.7, முதியவர்களில் 5.2. கிழக்கு ஐரோப்பாவிலோ அதே வரிசையில் 7.5, 9.6, 21.3.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. பின்லாந்தைச் சேர்ந்த மார்யா யுல்ஹாவும் யுக்கா யொகேலாவும் 1990-இலேயே ஐரோப்பிய முதியவர்களை ஒப்பிட்டு எழுதினார்கள். வடக்கிலிருந்து தெற்கே வரவர, தனியாக வசிப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். தனிமையுணர்வோ ஏறிக்கொண்டே வந்து, குடும்பத்தை விட்டு யாரும் பிரியாத கிரேக்கக் கிராமங்களில் உச்சத்தைத் தொட்டது.

காரணம் முதல் கேள்வியில் சொன்ன எதிர்பார்ப்புதான். பின்லாந்தில் எழுபது வயது மூதாட்டி தனியே வசிப்பது எல்லாரும் செய்வது; மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவருக்கு மகிழ்ச்சி. பிள்ளையோடுதான் இருக்க வேண்டும் என்று ஊரே நினைக்கும் இடத்தில் அதே மகன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால், ஆறு நாள் வராதவனாகிறான். இதற்கு மேல் ஓய்வூதியம், நடக்க ஏற்ற நடைபாதை, தாழ்தளப் பேருந்து, வீட்டுக்கே வரும் செவிலியர் ஆகியவை வடக்கு நாடுகளில் இருக்கின்றன. வெளியே போய் நாலு பேரைப் பார்க்கக் கையில் காசும் காலில் தெம்பும் வேண்டுமல்லவா?

5. அப்போ கூட்டுக் குடும்பம்னு நாம பெருமையா சொல்லிக்கறதெல்லாம் பொய்யா?

பொய் என்று நான் சொல்லவில்லை. நோயில் கஞ்சி வைத்துத் தரவும், இரவில் நெஞ்சு வலித்தால் ஆட்டோ பிடிக்கவும் வீட்டில் ஆள் இருப்பது சாதாரணப் பலன் அன்று. ஆனால் அது தனித்திருத்தலைத் தடுக்கும் ஏற்பாடு. தனிமையுணர்வுக்கு அது மருந்தாகலாம், சில வீடுகளில் அதுவே காரணமும் ஆகலாம். மருமகளோடு பேச்சு நின்றுபோன மாமியாருக்கு, ஒரே அறையில் ஆறு பேர் இருப்பது துணையாகத் தெரிவதில்லை. அந்த மருமகளுக்கும் அப்படியே.

திருவொற்றியூரில் நான் அடிக்கடி போகும் ஒரு வீட்டில், கத்தாரில் வேலை செய்யும் மகன் தினமும் இரவு எட்டரைக்கு வீடியோ கால் செய்வார். எவர்சில்வர் சொம்பில் செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டு அம்மா எட்டு மணிக்கே எதிரில் உட்கார்ந்துவிடுவார். "சாப்டியாம்மா?" "சாப்டேன்பா, நீ?" "சாப்டேன்." பிறகு பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். அழைப்பு முடிந்ததும் சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். மகன் ஒருநாளும் தவறியதில்லை; அம்மாவும் அவரைக் குறை சொன்னதில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் அவர் சொல்ல நினைத்தது எதற்கும் இடம் இல்லை, அவ்வளவுதான். கணக்கெடுப்பில் இந்த வீடு 'குடும்பத்தோடு வசிப்பவர்' என்ற கட்டத்தில்தான் வரும்.

6. கிழக்கு ஐரோப்பாவுக்கு மட்டும் ஏன் அவ்வளவு?

1990-க்குப் பிறகு அங்கே பழைய பொருளாதார அமைப்பு சரிந்தது, இளையவர்கள் பிழைப்புக்காக மேற்கே போனார்கள், ஆண்கள் பெண்களைவிடப் பல ஆண்டுகள் முன்னதாக இறப்பதால் கைம்பெண்கள் மிகுதி, ஓய்வூதியம் சொற்பம். எதிர்பார்ப்பு குடும்பத்தின் மேல் இருக்க, குடும்பம் வேறு நாட்டில் இருக்கிறது. பேரக்குழந்தைகள் துபாயிலிருக்கும் ராயபுரத்துத் தாத்தாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் கிழக்கு, மேற்கு என்ற கோடு எப்போதும் செல்லாது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் நடத்திய கணக்கெடுப்பில் மேற்கிலுள்ள அயர்லாந்தில்தான் தனிமையுணர்வு மிகுதி, ஐந்தில் ஒருவருக்கும் மேல். குறைவான நாடுகளில் நெதர்லாந்தோடு செக் குடியரசும் குரோவேசியாவும் இருந்தன. நாட்டின் பெயரை மட்டும் வைத்து மனிதர்களை ஊகிக்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சேர்த்தேன்.

7. ஜப்பான்ல இதுக்குன்னே மந்திரி போட்டிருக்காங்களாமே, அங்கதானே ரொம்ப மோசம்?

அமைச்சரை முதலில் நியமித்தது பிரிட்டன், 2018 ஜனவரியில். ஜப்பான் 2021 பிப்ரவரியில் நியமித்தது. 2024 ஏப்ரலில் தனிச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அமைச்சர் இருக்கிறார் என்பதாலேயே நோய் அங்கேதான் அதிகம் என்று முடிவுகட்டக் கூடாது. அங்கே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், எண்ணியதை வெளியில் சொல்லியும் இருக்கிறார்கள்.

ஜப்பானில் யாரும் அறியாமல் வீட்டுக்குள்ளேயே இறந்துபோவதைக் 'கோடோகுஷி' என்பார்கள். தனியாக வசித்து வீட்டிலேயே இறந்தவர்கள் 2024-இல் 76,020 பேர் என்றும், அவர்களில் 58,044 பேர் 65 வயதைக் கடந்தவர்கள் என்றும் அந்நாட்டுக் காவல்துறை கணக்கிட்டது. இவர்கள் அனைவரும் நாள்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடந்தவர்கள் அல்லர். மறுநாளே கண்டுபிடிக்கப்பட்டவர்களும் இதில் அடக்கம். தென் கொரியாவில் இவ்வகை மரணங்கள் 2023-இல் 3,661 எனக் கணக்கிடப்பட்டன. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐம்பது, அறுபது வயதுகளில் இருந்த ஆண்கள். இரு நாடுகளும் எண்ணும் முறை வேறு என்பதால் இந்த எண்களை அருகருகே வைத்து ஒப்பிடவே முடியாது. மேலும், இவை தனித்திருந்த மரணங்களின் கணக்கு. இறந்தவர் தனிமையுணர்வோடு இருந்தாரா என்பதை எந்தக் காவலரும் குறித்துக்கொள்ள இயலாது.

8. இது வயசானவங்க பிரச்சினைதானே? எங்க பசங்களுக்கு என்ன, எப்பவும் நாலு பேரோட சுத்தறாங்க.

எண்கள் அப்படிச் சொல்லவில்லை. மூன்றாம் கேள்வியில் சொன்ன 142 நாட்டு ஆய்வில் 19 முதல் 29 வயதுக்குட்பட்டோரில் 27 விழுக்காட்டினரும், 65 வயதைக் கடந்தோரில் 17 விழுக்காட்டினரும் தனிமையுணர்வைத் தெரிவித்தார்கள். பிபிசி 2018-இல் நடத்திய இணையக் கணக்கெடுப்பில் 55,000 பேர் கலந்துகொண்டனர். அதிலும் 16 முதல் 24 வயதினரே முன்னணியில் இருந்தார்கள். (விரும்பியவர்கள் வந்து நிரப்பிய படிவம் என்பதால் அதை முழுதாக நம்பிவிடவும் வேண்டாம்.) நான்காம் கேள்வியின் ஐரோப்பிய எண்களில் முதியவர்களே மிகுதி என்பதையும் கவனித்திருப்பீர்கள். ஆக, வயதுக்கும் தனிமையுணர்வுக்கும் உள்ள தொடர்பு நாட்டுக்கு நாடு மாறுகிறது.

நம் பகுதியில் யார் கண்ணிலும் படாத ஒரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். மணலி, எண்ணூர்ப் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசா இளைஞர்கள் ஓர் அறையில் எட்டுப் பேராகத் தங்குகிறார்கள். தெருவில் அவர்கள் பேசும் தமிழ் "எவ்ளோ?", "வேணா" ஆகிய இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகிறது. அவர்களை எந்தக் கணக்கெடுப்பும் அழைத்துக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

9. ஆம்பளைக்கு அதிகமா, பொம்பளைக்கு அதிகமா?

உலக அளவில் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு ஏறக்குறைய இல்லை. ஆனால் வடிவம் வேறாக இருக்கிறது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் வேலை ஓய்ந்த ஆண்களுக்குக் கேரம் கிளப் இருக்கிறது. ஸ்ட்ரைக்கரைச் சுண்டிக்கொண்டே இரவு பத்து வரை பேசலாம். அவர்கள் வயதுப் பெண்களுக்கு முன்பு தெருக்குழாயடி இருந்தது. வீட்டுக்குள் குழாய் வந்தது பெரிய விடுதலை, அதில் எனக்கு ஐயமே இல்லை. குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பேசிய அந்த அரைமணி நேரத்துக்கு மட்டும் மாற்று எதுவும் வரவில்லை.

10. ஏழைங்க ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா இருப்போமே, ஏழை நாட்டுல ஏன் அதிகம்?

ஒத்தாசை இருக்கிறது; ஆனால் அதைச் செய்ய நேரமும் இடமும் வேண்டும். இரண்டு ஷிப்டு பார்ப்பவருக்கு அண்டைவீட்டார் முகம் பார்க்க ஓய்வு இல்லை. கல்யாணத்துக்கு மொய் எழுத முடியாதவர் கல்யாணத்துக்கே போவதைத் தவிர்க்கிறார். கடன் வாங்கியவர் அந்தத் தெரு வழியாகவே போவதில்லை. காது கேட்காமை, கண்புரை, மூட்டுவலி ஆகியவை மருத்துவம் பார்க்கப்படாமல் நீடிக்கும்போது மனிதர்கள் பேச்சுவட்டத்திலிருந்து மெல்ல விலகிவிடுகிறார்கள்.

இடப்பெயர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடசென்னைக் குடிசைப் பகுதியிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட ஓர் அக்கா, மழைக்கு ஒழுகாத வீடு கிடைத்ததை மனதார ஒப்புக்கொண்டே, "கதவ மூடினா நான் இருக்கேனா இல்லையான்னு யாருக்கும் தெரியாது சார்" என்றார். பழைய வீட்டில் மூடக் கதவே சரியாக இல்லை.

11. நம்ம நாட்டுல இதுக்குக் கணக்கு எடுத்திருக்காங்களா?

எடுத்திருக்கிறார்கள். 2017-18-இல் நடந்த தேசிய முதுமை ஆய்வின் முதல் சுற்றில், 45 வயதைத் தாண்டியவர்களும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைவர்களுமாக 72,250 பேரைச் சந்தித்தார்கள். முதியவர்களில் தனியே வசிப்பவர்கள் 5.7 விழுக்காடுதான். ஆனால் தனிமையுணர்வைப் பற்றி மனச்சோர்வுக் கேள்விகளுக்கு நடுவே ஒரு கேள்வியாகவே கேட்டார்கள். பதினேழு பேரிடம் நான் பட்ட பாட்டைப் பார்க்கும்போது, அந்த ஒரு கேள்வி எவ்வளவு பிடித்திருக்கும் என்ற ஐயம் எனக்கு உண்டு.

2011 மக்கள்தொகைக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு, நாட்டின் சராசரி 8.6. மாநிலங்களில் கேரளமும் கோவாவும் மட்டும் நம்மை முந்தியிருந்தன. ஆகவே வட மாநிலங்களுக்கு நாளை வரப்போகும் கேள்விகள் நமக்கு இன்றே வந்துவிட்டன.

12. தனிமை தினம் பதினஞ்சு சிகரெட் புடிக்கறதுக்குச் சமம்னு வாட்ஸ்அப்ல வருதே, நிஜமா?

பாதி நிஜம். அமெரிக்காவின் அப்போதைய தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கையால் இந்த ஒப்பீடு பரவியது. அதன் வேர், ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் உடன் பணியாற்றியவர்களும் 2010-இல் 148 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரை. உறவுகள் வலுவாக உள்ளவர்கள் பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதல் என்று அது காட்டியது. அங்கே அளந்தது உறவின் வலிமையை; தனிமையுணர்வு அதில் ஒரு கூறு மட்டுமே. தவிர, நோயாளியாக இருப்பதாலேயே ஒருவர் தனிமைப்படவும் கூடும்.

13. ஏதாவது ஒரு நாடு இதைச் சரி பண்ணிக் காட்டியிருக்கா?

நாடு முழுவதற்கும் சரிசெய்ததாக யாரும் காட்டவில்லை. ஆனால் முயற்சிகள் சுவையானவை. சீனாவில் 2013 ஜூலை முதல், பிள்ளைகள் பெற்றோரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சட்டம் வந்த அன்றே வூசி நகர நீதிமன்றம், 77 வயதுத் தாயை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும்படி மகளுக்கு உத்தரவிட்டது. நம்முடைய 2007 சட்டம் பராமரிப்புத் தொகை வாங்கித் தரும்; போய்ப் பேசச் சொல்லாது. சொல்லாததே நல்லது என்பது என் கருத்து. உத்தரவின் பேரில் வரும் மகளை எதிரில் உட்காரவைத்து அந்தத் தாய் என்ன பேசியிருப்பார்?

சிங்கப்பூர் வேறு வழியில் போனது: பெற்றோருடனோ அருகிலோ வசிக்க மறுவிற்பனை வீடு வாங்குவோருக்கு 2015 முதல் மானியம். சேர்ந்து வசிக்கும் குடும்பத்துக்கு 2018-இலிருந்து 30,000 சிங்கப்பூர் டாலர். நெதர்லாந்தில் 2019-இல் ஒரு பல்பொருள் அங்காடி, அவசரமில்லாதவர்கள் நின்று பேசிக்கொண்டே பணம் செலுத்த 'அரட்டைக் கல்லா' ஒன்றைத் திறந்தது. நம் அண்ணாச்சிக் கடைகளில் எல்லாக் கல்லாவும் அப்படித்தான் இருந்தது என்று படிப்பகத்தில் பலத்த சிரிப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது ஜிம்பாப்வேயின் 'நட்பு பெஞ்ச்'. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, 2006-இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனை வளாக மரத்தடியில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். வருபவர் பக்கத்தில் உட்கார்ந்து தம் கதையைச் சொல்லலாம். ஷோனா மொழியில் அந்த வேதனைக்குக் 'குஃபுங்கிசிசா' என்று பெயர், அளவுக்கு மீறி யோசித்தல். "ரொம்ப யோசிக்கறா" என்று நாமும் இதைத்தானே சொல்கிறோம். 2016-இல் வெளியான ஆய்வு, அந்த பெஞ்சுக்கு வந்தவர்களின் மனச்சோர்வு குறைந்ததை உறுதிசெய்தது. அளந்தது மனச்சோர்வை, தனிமையுணர்வை அன்று. இரண்டும் நெருங்கிய உறவினர்கள் என்றாலும் ஒன்றல்ல.

14. நான் வெளிநாட்ல இருக்கேன். எங்கம்மாகிட்ட எப்படிக் கேக்கறது? கேட்டா "நல்லாத்தான்பா இருக்கேன்"னுதான் சொல்றாங்க.

இரண்டாம் கேள்வியில் நான் செய்த பிழையைச் செய்யாதீர்கள். "தனியா இருக்கியாம்மா?" என்று கேட்டால் உங்களைக் காப்பாற்றுவதற்காகவே "இல்லை" என்பார்கள். நேற்று யார் வீட்டுக்கு வந்தார்கள், பக்கத்துவீட்டு அக்காவோடு என்ன பேசினார்கள், கடைக்கு யாரோடு போனார்கள் என்று கேளுங்கள்; விடை வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கவனியுங்கள். சாப்பாட்டு விசாரணையைக் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள். உங்கள் கஷ்டம் ஒன்றைச் சொல்லி யோசனை கேட்பதும் நல்லது. நலம் விசாரிக்கப்படுவது மட்டுமே ஒருவருக்கு உறவாகிவிடாது.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ குறைந்திருந்தால் அது தனிமையைத் தாண்டிய நிலையாக இருக்கலாம். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். முதியோர் உதவி எண் 14567. அம்மா வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருந்தால் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் படிப்பகத்துக்கு அனுப்பலாம். படிக்கட்டு செங்குத்தானது, ஏற முடியாதவர்களுக்காகக் கீழே வாசலிலேயே இரண்டு பெஞ்ச் போட்டிருக்கிறோம்.